சிப்பாய்: சோழர் படையில் இவருக்கு என்ன வேலை?

அண்மையில் படித்த ஒரு சரித்திரக் கதையில், ராஜேந்திர சோழனின் பாசறைக்கு வெளியே இரண்டு சிப்பாய்கள் காவல் நின்றார்கள். கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேலின் இலை, யானையின் முகபடாம், இரவுக் காவலின் பறையொலி என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லில் பதினோராம் நூற்றாண்டு கலைந்துவிட்டது. சிவப்புச் சட்டையும் தோளில் துப்பாக்கியுமாக இரண்டு பேர்தான் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

சிப்பாய் என்பது பாரசீகச் சொல். 'சிபாஹ்' என்றால் படை, 'சிபாஹி' என்றால் படையைச் சேர்ந்தவன். ஈரானில் உள்ள இஸ்பஹான் நகரின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். படைகள் கூடும் இடம் என்று பொருள் சொல்வார்கள். இந்தச் சொல் போன இடமெல்லாம் வேறு வேறு ஆளாக மாறியிருக்கிறது. உஸ்மானியத் துருக்கியரிடம் சிபாஹி என்பவன் குதிரை வீரன். நிலவருவாயை அனுபவித்துக்கொண்டு, போர் வந்தால் குதிரையோடு வந்து நிற்க வேண்டியவன். பிரெஞ்சுக்காரர்கள் வட ஆப்பிரிக்காவில் சேர்த்த குதிரைப்படைக்கு 'ஸ்பாஹி' என்று பெயர். நம் ஊரில் மட்டும் அவன் குதிரையை விட்டு இறங்கிக் காலாளாகிவிட்டான்.

தமிழுக்கு இது முகலாய, நவாப் ஆட்சிகளின் வழியாக வந்தது. தாசில்தார், ஜமேதார், சர்க்கார், ஜாமீன் எல்லாம் வந்த அதே வண்டிதான். 'சிபாஹி'யில் உள்ள ஹகரம் தமிழ் நாக்கில் நிற்கவில்லை, பகரம் இரட்டித்தது, சிப்பாய் ஆயிற்று. போர்த்துகீசியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதே சொல்லைத் தத்தம் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இன்று நம் மனத்தில் இருக்கும் பொருள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் கெட்டிப்பட்டது. 1746இல் அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறிய பிரெஞ்சுப் படை விரட்டியது. அந்தச் சிறிய படையில் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். ஆங்கிலேயரும் பாடம் கற்றுக்கொண்டார்கள். 1751இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் கிளைவ் ஆற்காட்டை நோக்கி நடந்தபோது அவரோடு போன ஐரோப்பியர் சுமார் 200 பேர், சிப்பாய்கள் சுமார் 300 பேர். அப்புறம் சிப்பாய் என்றாலே ஒரே மாதிரி உடுப்பு, வரிசை நடை, துப்பாக்கி, மாதச் சம்பளம், மேலே ஒரு வெள்ளைக்கார அதிகாரி என்று ஆகிவிட்டது. உடுப்பு அவ்வளவு முக்கியமாக இருந்ததால்தான், புதுத் தலைப்பாகையும், தாடியும் நெற்றிக்குறியும் கூடாதென்ற உத்தரவும் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களின் கிளர்ச்சியாக வெடித்தன.

இந்தச் சரக்கு எதுவும் ராஜேந்திரன் பாசறையில் கிடையாது. சரி, அங்கே நின்றவனை என்னவென்று அழைப்பது?

எங்கும் செல்லுபடியாகும் சொல் படைவீரன். போர்வீரன் என்றும் எழுதலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. போர் இல்லாத நாளில் கோட்டை வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பவனும் படைவீரன்தான். அவனைப் போர்வீரன் என்றால் கொஞ்சம் மிகை. இதில் 'வீரன்' வடசொல் என்பதால் தனித்தமிழ் விரும்புவோர் மறவன் என்பார்கள். மறம் என்றால் வீரம். அழகான சொல். ஆனால் மறவர், மள்ளர், கைக்கோளர் போன்றவை இன்று சமூகப் பெயர்களாகவும் இருப்பதால், படைவீரன் என்ற பொதுப்பொருளில் எழுதினால் வாசகர் வேறெங்கோ போய்விடுவார். சங்ககாலக் கதையென்றால் துணிந்து எழுதலாம். மற்ற இடங்களில் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

சங்கச் சொற்களில் எனக்குப் பிடித்தது மழவர். 'மழவும் குழவும் இளமைப் பொருள' என்கிறது தொல்காப்பியம். மழலையில் இருக்கும் அதே மழ. அப்படியென்றால் மழவர் இளைஞர்கள், அதனாலேயே போராடுகிறவர்கள். காளை என்ற சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. இந்திய ராணுவத்தின் 'ஜவான்' பாரசீகத்தில் வெறும் இளைஞன். காலாட்படைக்கு ஆங்கிலேயர் சொல்லும் 'இன்ஃபன்ட்ரி'யும் இளைஞனைக் குறித்த லத்தீன்வழிச் சொல்லில் பிறந்ததுதான். எந்த நாட்டிலும் சண்டைக்கு அனுப்பப்பட்டவர்கள் சின்னப் பையன்கள்தான் போலிருக்கிறது. 'சோல்ஜர்' மட்டும் விதிவிலக்கு. அது சோலிடஸ் என்ற ரோமானியப் பொற்காசிலிருந்து கிளைத்த சொல். காசு வாங்கிக்கொண்டு சண்டை போடுபவன். அதற்கு நேரான தமிழ் வேண்டுமென்றால் திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் சொல்லும் ஆறு வகைப் படைகளில் ஒன்றான கூலிப்படையில்தான் தேட வேண்டும்.

சோழர் காலக் கதைக்குக் கல்வெட்டே சொல் கொடுக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. 'அழகிய சோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என்று ஒன்று. 'பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்' என்று இன்னொன்று. 'தெரிந்த' என்றால் இங்கே பழக்கமான என்று பொருளல்ல, தேர்ந்தெடுத்த என்று பொருள். வில்லி என்பவன் வில்லாளி. வேளைக்காரர் என்போர் அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்தவர்கள். கதையில் வரும் அந்தப் பாசறை வாசலில் ஒரு வேளைக்காரனை நிறுத்தியிருந்தால், அவன் எதற்காக அங்கே நிற்கிறான் என்பதைச் சொல்ல ஆசிரியருக்கு இன்னொரு பத்தி தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு நல்ல சொல் சேவகன். செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களிலேயே, தலைவனுக்காக ஆயுதம் ஏந்தி மாண்டவனைச் சேவகன் என்று பொறித்திருக்கிறார்கள். சேவகம் என்றால் வீரம் என்றே ஒரு பொருள் இருந்தது. கம்பர் ராமனைச் சேவகன் என்கிறார். இன்றோ சேவகன் என்றதும் தட்டைத் தூக்கிக்கொண்டு வருபவன்தான் நினைவுக்கு வருகிறான். இதில் அவனுக்கு ஒரு துணை உண்டு: அலுவலகத்துப் பியூன். போர்த்துகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் காலாள் என்றுதான் பொருள். ஆயுதம் ஏந்திய இரண்டு பேரும் கடைசியில் கோப்பு தூக்கப் போய்விட்டார்கள். ஆகவே சேவகன் என்று எழுதினால், முதல் இடத்திலேயே கையில் ஒரு வாளைக் கொடுத்துவிடுவது நல்லது.

காலாள் என்பது தேர், யானை, குதிரை என்ற வரிசையில் நான்காவது. சதுரங்கப் பலகையில் நாம் சிப்பாய் என்று நகர்த்தும் காய்க்கும் பழைய பெயர் இதுதான். யானைமேல் இருப்பவனையும் குதிரைமேல் இருப்பவனையும் காலாள் என்று எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான். கூட்டமாகச் சொல்லும்போது 'பட்டாள'த்தையும் தவிர்க்கலாம். அது ஐரோப்பியரின் பட்டாலியனிலிருந்து வந்தது. படை என்ற இரண்டெழுத்தே போதும். ஆயுதம், ஆயுதம் ஏந்தியோர் இரண்டையும் குறிக்கும் சொல் அது.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிப்பாயைத் தமிழிலிருந்தே துரத்த வேண்டும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வேலூர்க் கதையில் சிப்பாயைப் படைவீரன் என்று மாற்றினால் அதுவும் பிழைதான். கம்பெனிக்கும் அவனுக்கும் இருந்த உறவு முழுவதும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. 1799இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கும் காட்சியை ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதிலுக்கு வெளியே கம்பெனித் தளபதி பானர்மேனோடு வருபவர்களில் சிப்பாய்கள் உண்டு. மதிலுக்கு மேலே நிற்பவர்கள் கட்டபொம்மனின் ஆட்கள், அவர்களைச் சேவகர் என்றோ படைவீரர் என்றோ எழுதலாம். இரண்டு பக்கமும் ஒரே நாட்டுக்காரர்கள்தான்.