ஓசூர்ப் பனியும் ஒரு டிரம் தண்ணீரும்

ஓசூரைச் சுற்றி ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் பாலிஹவுஸ், அதாவது பாலித்தீன் தாள் போர்த்திய பசுமைக்குடில், போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கொல்லையில் நானும் சின்னதாக ஒன்று போட்டேன். 15 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். உள்ளே மங்குஸ்தானும் ரம்புட்டானும். இரண்டுமே மலேசியா, இந்தோனேசியா பக்கத்து மழைக்காட்டு மரங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரின் மார்கழிக் குளிர் அவற்றுக்கு ஆகாது. 20 டிகிரிக்குக் கீழே போனால் மங்குஸ்தான் வளர்ச்சி மந்தமாகிவிடும்.

பசுமைக்குடிலின் கூரை வெயிலை உள்ளே விட்டு, வெப்பக் கதிரைத் திரும்பப் போகவிடாமல் மறிக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். 1909-ல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்குப் பாறை உப்புத் தகடு. சூடான பொருள்கள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி தடுக்கும், உப்பு விட்டுவிடும். ஆனாலும் இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, சுமார் 55 டிகிரி வரை சூடேறின. ஆக, குடிலின் பெரிய வேலை சூடான காற்று மேலேறித் தப்பாமல் அடைத்து வைப்பதுதான்.

சாதாரண பாலித்தீனும் உப்பைப் போலத்தான், அகச்சிவப்பைப் பெருமளவு விட்டுவிடும். மேகமில்லாத இரவில் மண்ணும் இலையும் வானத்தை நோக்கிச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். வெளிக்காற்றும் உள்ளே வராததால், சில விடியற்காலைகளில் வெளியைவிட உள்ளே குளிர் கூடுதலாகவே இருக்கும். முதல் மார்கழியில் தெர்மாமீட்டர் பழுது என்றே நினைத்தேன்.

இதற்குத் தண்ணீர்தான் வழி. 200 லிட்டர் டிரம்கள் நான்கிற்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து வடக்கு ஓரமாக வைத்தேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வெயில் நேராக அவற்றின் மேல் விழும். குடிலுக்குள் இருக்கும் மொத்தக் காற்றையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல 15 மடங்குக்கு மேல் வேண்டும், ஒரு டிரம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க. அதே தண்ணீர் இரவில் 5 டிகிரி ஆறினால், டிரம்முக்கு 1 யூனிட் மின்சாரத்துக்குச் சற்று அதிகமான வெப்பம் வெளிவரும். கரண்ட் பில் இல்லாமல்!

பகலில் கதை வேறு. முதல் கோடையில் மேலே திறப்பு வைக்காமல் இரண்டு ரம்புட்டான் கன்றுகளைக் கருகவிட்டேன். இன்றும் மனசு ஆறவில்லை. அப்புறம்தான் உச்சியில் திறப்பு வைத்தேன். சூடான காற்று அதன் வழியே ஏறிப் போக, பக்கவாட்டு வலை வழியாகப் புதுக்காற்று தானே உள்ளே வருகிறது. நிழல்வலையைக் கூரைக்கு வெளியே கட்ட வேண்டும். உள்ளே கட்டினால் வலை வாங்கும் வெயில் சூடாகி உள்ளேயே தங்கிவிடும்.

பூச்சி வலை தேனீயையும் தடுக்கும் என்பதால் ரம்புட்டான் பூக்கும்போது பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். மங்குஸ்தானுக்கு அந்தக் கவலை இல்லை, மகரந்தம் இல்லாமலே காய் பிடிக்கும். விதையிலிருந்து வந்த கன்று காய்க்க 7 முதல் 10 வருடம் ஆகலாம். என் கன்றுக்கு இப்போது மூன்று வயது, முழங்கால் உயரம்.