மாவட்டச் சராசரி மழையை நம்பி விதைக்காதீர்கள்

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில் முதல் மழைக்கு விதைத்த உளுந்து இரண்டிலைப் பருவத்திலேயே கருகிவிட, வட்டிக்கு வாங்கி மறுவிதைப்புச் செய்த உழவர் ஒருவர், "இந்த வருடம் மழை இயல்பான அளவு என்றுதானே சொன்னார்கள், பிறகு ஏன் இப்படி?" என்று அண்மையில் என்னிடம் கேட்டார். ஒவ்வொரு பருவத்திலும் கரிசல் காட்டில் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது.

வானிலைத் துறைக் கணக்கில், நீண்டகாலச் சராசரியைவிட 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது 'இயல்பு' மழைதான். ஒரு நாளில் 2.5 மி.மீ. பெய்துவிட்டால் அது மழைநாளாகிவிடும். ஆனால் கோடையில் காய்ந்து வெடித்த கரிசலில் அந்த ஈரம் விதை கிடக்கும் ஆழத்தைக்கூட எட்டாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்ததை மொத்தமாகக் கூட்டிச் சொல்லும் எண், எந்த வாரத்தில் பெய்தது என்பதைச் சொல்வதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மி.மீ. கொட்டியது, தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம். அந்த மழை ஆண்டுக் கணக்கை உயர்த்தியதே தவிர, காட்டில் நின்ற பயிரை வாழ வைக்கவில்லை. உளுந்து 35, 40 நாளில் பூவெடுக்கும்போது இரண்டு வாரம் வானம் பொய்த்தால், பிறகு எவ்வளவு பெய்தாலும் உதிர்ந்த பூ திரும்பாது.

ஆகவே முதல் தூறலுக்கே விதைப்பெட்டியைத் தூக்காதீர்கள். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காவிட்டால் காத்திருங்கள். மழைக்கு முன்பே விதைப்பதானால் 5 செ.மீ. ஆழத்தில் விழட்டும், அப்போதுதான் 20 மி.மீ.க்குக் குறைந்த மழையில் முளைத்து ஏமாறாது. சோளமானால், வறட்சியைத் தாங்கி வளர, விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்தி விதையுங்கள். மழை இடைவெளி விட்டால் களைக்கொத்தால் மேலாகக் கொத்தி வெடிப்பை மூடுங்கள்; இது நாளைக்குத் தள்ளிவைக்கும் வேலையல்ல.

பயிர்க் காப்பீட்டையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ராபி எனப்படும் குளிர்காலப் பருவப் பயறு வகைகளுக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். பதிவு செய்யுமுன், விதைத்த பயிரே அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில், ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளம் நின்ற நிலத்துக்கு உளுந்து என்று அடங்கல் இருந்ததாலேயே இழப்பீடு கிடைக்காமல் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.