பட்டுப்போகும் மரம், பத்தடியில் வீடு

கிரிக்கெட் ஸ்டம்பைப் பெரும்பாலும் ஆஷ் (ash) என்ற மரத்தில்தான் செய்வார்கள். பந்து வேகமாக வந்து மோதினாலும் லேசில் உடையாது, கொஞ்சம் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் சுத்தியலின் கைப்பிடிக்கும், மண்வெட்டிக் காம்புக்கும் காலங்காலமாக அதுதான். ஆனால் அதே மரத்துக்கு நோய் முற்றினால் அந்த வளையும் குணம் போய், கிளைகள் சொல்லாமல் கொள்ளாமல் முறிய ஆரம்பிக்கும். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியில் அப்படி ஒன்று நின்று, அதை வெட்டக் கூடாது என்று சட்டமும் இருந்தால் என்ன செய்வது?

நோயின் பெயர் ஆஷ் டைபேக். காரணம் ஹைமினோசைஃபஸ் ஃப்ராக்ஸினியஸ் என்ற, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு பூஞ்சை. கிழக்காசியாவில் அங்குள்ள ஆஷ் வகைகளோடு பெரிய வம்பில்லாமல் இருந்த பூஞ்சை இது. ஐரோப்பிய ஆஷுக்கு அதை எதிர்த்துப் பழக்கமில்லை. 1992 வாக்கில் போலந்தில் மரங்கள் பட்டுப்போவதைக் கவனித்தார்கள், பிரிட்டனில் கண்டுபிடித்தது 2012-இல்.

கோடையில் நோயுற்ற மரத்தடியில் குனிந்து, போன வருடச் சருகைக் கிளறிப் பாருங்கள். இலை மக்கிப்போயிருக்கும், நடுக்காம்பு மட்டும் கறுத்துக் கிடக்கும், அதன்மேல் சில மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளை வெள்ளையாகக் குட்டிக் காளான்கள். அவை விடும் வித்துகள் காற்றில் ஏறி இலையில் ஒட்டி, இலைக்காம்பு வழியாகக் கிளைக்குள் இறங்கும். கிளை பிரியும் இடத்தில் பட்டை டைமண்ட் வடிவத்தில் கறுத்துக் குழியும். அந்தப் புண் கிளையைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலே தண்ணீர் ஏறாது, நுனி காயும். மரம் விடாமல் அடிமரத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர் விடும். பார்ப்பவர்கள் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள், உண்மையில் அது சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. சருகை வாரி எரிக்கலாம், கொஞ்சம் குறையும், ஆனால் வித்து வெகுதூரத்திலிருந்தும் காற்றில் வரும். வளர்ந்த மரத்துக்கு மருந்து என்று ஒன்றும் இல்லை.

அதற்காக எல்லா மரமும் சாகும் என்றில்லை. ஒரு சிறு பங்குக்கு இயற்கையாகவே தாங்கும் சக்தி உண்டு, காட்டுக்குள் நெருக்கமாக நிற்பவற்றைவிடத் திறந்த வெளியில் தனியாக நிற்கும் மரம் மெதுவாகத்தான் நலியும். எவ்வளவு நலிந்திருக்கிறது என்பதை ஜூலை, ஆகஸ்டில் பார்க்க வேண்டும். ஆஷ் தாமதமாகத் துளிர்க்கும் மரம், ஏப்ரலில் மொட்டையாக நிற்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். கோடையில் இலைப்பரப்பு பாதிக்கும் கீழே போயிருந்தால், அல்லது அடிமரத்தில் பட்டை செத்து அங்கே தேன் காளான் புகுந்திருந்தால், அப்போதுதான் உண்மையான கவலை. தேன் காளான் வேரைத் தின்னும். மேலே பச்சையாக இருக்கும்போதே மரம் அடியோடு சாயலாம்.

சரி, சட்டம். இங்கிலாந்தில் மரப் பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தை, அது உங்கள் சொந்தத் தோட்டத்தில் நின்றாலும், கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. மீறி வெட்டிச் சாய்த்தால் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. 2012 ஏப்ரல் வரை செத்த மரம், சாகும் மரம், ஆபத்தான மரம் மூன்றுக்கும் விலக்கு இருந்தது. புதிய விதிகளில் 'சாகும் மரம்' என்பதை எடுத்துவிட்டார்கள், இந்த நோயைக் கண்டுபிடித்த அதே வருடத்தில்! இப்போது செத்த மரத்துக்கு ஐந்து வேலை நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். உடனடியாகப் பெரிய தீங்கு வரும் என்ற நிலை இருந்தால் வேண்டிய அளவு மட்டும் வெட்டலாம், அதையும் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, எனவே வெட்டுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். உயிருள்ள மரத்தில் காய்ந்த கிளைகளை மட்டும் நீக்குவதற்கு அனுமதி வேண்டாம். மற்றபடி நோய் வந்த, இன்னும் சாகாத மரத்துக்கு விண்ணப்பம்தான். கட்டணம் இல்லை, முடிவு சொல்ல எட்டு வாரம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். செத்த பிறகு விலக்கு இருக்கிறதே, அதுவரை காத்திருப்போம் என்று நினைப்பார்கள். ஆனால் ஆஷ் செத்துக் காய்ந்துவிட்டால் கயிறு கட்டி ஏற ஆட்கள் மறுப்பார்கள், ஏனென்றால் எந்தக் கிளை ஆளைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம் ஆளைத் தூக்கும் கூடை வைத்த இயந்திரம் வர வேண்டும்; தோட்டத்துக்குள் அதற்கு வழி இருக்கிறதா என்பது வேறு பிரச்சினை, செலவு எகிறும். விண்ணப்பம் போடுவதென்றால் ஏற முடிகிற நிலையில் மரம் இருக்கும்போதே போடுங்கள். முழுசாக வெட்டுவதற்குப் பதில், வீட்டைத் தொடாத உயரத்துக்குக் குறைத்து அடிமரத்தை விட்டுவைக்கவும் கேட்கலாம். பொந்துகளில் வௌவால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

லண்டன் பக்கம் களிமண் நிலம் என்றால் இன்னொன்று: மரம் உறிஞ்சிய தண்ணீர் நின்றதும் மண் வருடக்கணக்கில் மெல்ல உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கலாம். மரத்தைவிடப் பிந்திக் கட்டிய வீடு என்றால் முன்கூட்டியே பொறியாளரைக் கேட்பது நல்லது. செத்தது, ஆபத்தானது என்று விலக்கின் கீழ் வெட்டினால் அதே இடத்தில் வேறொரு மரம் நட வேண்டிய கடமையும் வரும். சுவரை ஒட்டி மறுபடியும் ஒன்றா என்று தோன்றினால், அந்தக் கடமையிலிருந்து விலக்குக் கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதலாம்.