ஒரே ‘ஸ்பின்’, மூன்று விதமான வேலை

வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் ‘ஸ்பின்’ போட்டாச்சா என்று கேட்டால் உடுப்புப் பிழிவதைப் பற்றிய பேச்சு. டிவிக்கு முன்னால் அதே சொல் முரளியின் பந்து. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைக்கு அது இலத்திரனின் ஒரு குணம். ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் குறித்ததோ பஞ்சை இழுத்து முறுக்கி நூல் நூற்பதை. தக்களி சுழல்வதால் சுழற்சிப் பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அதிகம் உதவுவது உடுப்புத் தோய்க்கும் மெஷினின் கணக்குதான். சுழற்சி தண்ணீரை வெளியே தள்ளுகிறது என்பார்கள். உண்மையில் தண்ணீர் நேர்கோட்டில் போகவே பார்க்கிறது. உடுப்பை டிரம்மின் சுவர் மறித்து வட்டத்தில் திருப்புகிறது; துளை உள்ள இடத்தில் தண்ணீரை மறிக்க எதுவும் இல்லை, அது போய்விடுகிறது. 25 சென்ரிமீற்றர் ஆரையுள்ள டிரம் நிமிடத்துக்கு 700 தடவை சுற்றினால், உள்ளே இருப்பது தன் எடையைப்போல் ஏறக்குறைய 137 மடங்கு அழுத்தத்தோடு சுவரில் ஒட்டும். 1,200 சுற்றில் அது 400 மடங்கு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

மெஷின் குதிப்பதும் இதனால்தான். ஈரத் துவாய் ஒரு பக்கம் திரண்டு அங்கே 1 கிலோ கூடினால், 700 சுற்றில் அது 137 கிலோ பாரம்போல டிரம்மை இழுக்கும்; அந்த இழுப்பு செக்கனுக்கு 12 தடவை சுற்றி வரும். உடனே நிறுத்தி, உடுப்பை உதறிப் பரப்புங்கள். தனித் துவாய் என்றால் அதோடு இன்னும் இரண்டு சேருங்கள். பெட்ஷீட்டோடு சின்ன உடுப்புகளைப் போட்டால் அது எல்லாவற்றையும் சுருட்டி ஒரே உருண்டையாக்கிவிடும். பிறகும் ஆடினால் எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். எழும்பும் மூலையிலுள்ள மெஷின் காலைத் திருகி இறக்கி, அதன் நட்டை இறுக்குங்கள். முன்பக்கம் திறக்கும் புது மெஷினில், கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்ற மறந்தால் மெஷினே பழுதாகும்.

பந்தில் சுழற்சிக்கு இரண்டு வேலை. பந்து சுழலும் அச்சு அதன் பாதைக்குக் குறுக்கே இருந்து, மேற்பக்கம் முன்னோக்கி உருண்டால், காற்று பந்தைக் கீழே அழுத்தும்; துடுப்பாட்டக்காரர் எதிர்பார்த்ததற்கு முன்பே அது இறங்கிவிடும். அச்சு பாதையின் திசையிலேயே நீண்டிருந்தால் காற்றில் பெரிதாக வளையாது. தரையில் பட்டதும் உராய்வு பிடித்துப் பக்கவாட்டில் தள்ளும். டெஸ்ட்டின் கடைசி நாட்களில் களம் காய்ந்து பொருக்குவிட்டதும் இந்தப் பிடி கூடுகிறது. 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரன் இரண்டையும் மணிக்கட்டால் கலந்து கொடுத்தவர்.

இலத்திரனில் எதுவும் சுழல்வதில்லை. 1925இல் பௌதிகவியலாளர்கள் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் அது பந்துபோலச் சுழல்வதாக எண்ணித்தான் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். அப்படியானால் அதன் மேற்பரப்பு ஒளியை முந்தி ஓட வேண்டும். அந்தப் படத்தைக் கைவிட்ட பிறகும் பெயர் தங்கிவிட்டது, ஏனென்றால் சுழலும் பொருளுக்குரிய கோண உந்தம் இலத்திரனுக்கு உண்மையாகவே உண்டு. சிறு காந்தமாகவும் அது நடக்கிறது.

மெஷின் உதறும் தண்ணீரிலும் நம் உடம்பின் தண்ணீரிலும் உள்ள ஐதரசன் அணுவின் கருவுக்கும் இக்குணம் உண்டு. எம்ஆர்ஐ ஸ்கேனின் 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) காந்தத்துக்குள் அந்தக் கருக்கள், பம்பரம் தலையாட்டுவதுபோல, செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் தடவை தள்ளாடும். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலை அனுப்பி நிறுத்தினால் அவை பதில் அலை தரும். அந்தப் பதில் கொழுப்பில் ஒரு வேகத்திலும் மூளையில் வேறொரு வேகத்திலும் அடங்குகிறது. அந்த வித்தியாசம்தான் படத்தில் வெள்ளையும் கறுப்புமாக விழுகிறது.