பென்டிரைவின் தோம்பு

திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் மருமகன் பென்டிரைவோடு வந்தான். அவனுடைய அக்காவின் கல்யாண வீடியோ 6 ஜிகாபைட். பென்டிரைவோ 32 ஜிகாபைட், முழுக்க வெறுமை. ஆனாலும் வீடியோ ஏறவில்லை. “பழுதாகிவிட்டதா மாமா?”

பழுதில்லை. அதன் தோம்பு அப்படி.

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக் காணிகளைப் பதிந்து வைத்த ஏடு தோம்பு. வட்டுக்கும் அப்படி ஓர் ஏடு உண்டு. அதுதான் கோப்பு முறைமை. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்பதைக் கணினி அதைப் பார்த்தே அறிகிறது. மருமகனின் பென்டிரைவில் இருந்தது ஃபேட்32 என்ற பழைய முறைமை. அதில் ஒரு கோப்பின் அளவை எழுத ஒதுக்கிய இடம் 32 பிட் மட்டுமே. அதற்குள் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295. ஒரு கோப்பு அத்தனை பைட்டைத் தாண்டினால், எத்தனை பரப்புக் காணி தரிசாகக் கிடந்தாலும் அதைப் பதிய வழியில்லை.

போர்மட் செய்வதென்பது பழைய தோம்பை விட்டுவிட்டுப் புதியது எழுதுவது. வழக்கமான விரைவு முறையில் நிலத்தை யாரும் கொத்திப் புரட்டுவதில்லை; அதனால்தான் வேலை சில நொடிகளில் முடிகிறது. பழைய படங்கள், அவற்றின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை, பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். மீட்புக் கருவி வைத்திருப்பவர் அவற்றை எடுத்துவிடலாம். பென்டிரைவைப் பிறரிடம் கொடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

என் கணினியில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். போர்மட் செய்யுமுன், வட்டுகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’ (lsblk) என்ற கட்டளையைக் கொடுத்தோம். எஸ்டிஏ என்று என் வட்டு, எஸ்டிபி என்று அவனது பென்டிரைவ், அதற்குள் வேலி அடைத்த துண்டாக எஸ்டிபி1. அவசரமே கூடாத இடம் இது. ஓர் எழுத்து மாறினால் போவது என் வட்டு. “பெயரை மட்டும் நம்பாதே, அளவையும் பார்” என்றேன். 29.8 என்று காட்டியது. விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கட்டளை 1,024 ஆக எண்ணுகிறது. 32 அப்படித்தான் குறைகிறது.

பென்டிரைவைப் பிடுங்காமலே கட்டளையால் இணைப்பை நீக்கிவிட்டு, லினக்ஸின் சொந்த முறைமையான எக்ஸ்ட்4-ஐ எழுதினோம். எனக்கு அதன் மேல் தனி மதிப்பு. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பிறகுதான் தோம்பில் பதியும். நடுவில் மின்சாரம் போனாலும் தோம்பு குழம்பாது. ஆனால் மருமகனை அது உள்ளே விடவில்லை, “அனுமதி இல்லை” என்றது. எக்ஸ்ட்4 ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரைப் பதியும். நிர்வாகி கணக்கில் போர்மட் செய்ததால் காணி நிர்வாகியின் பெயரில் இருந்தது. அதை மாற்றிக் கொடுத்தேன்.

அப்போதுதான் சொன்னான், வீடியோ போகவேண்டியது கொழும்பில் மாப்பிள்ளை வீட்டுக்கு, அங்கே விண்டோஸ். எக்ஸ்ட்4-ஐ விண்டோஸ் தானாக வாசிக்காது. மறுபடி போர்மட், இம்முறை எக்ஸ்ஃபேட். 4 ஜிகாபைட் தடை அதில் இல்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த லினக்ஸ் 5.4 முதல் அதற்கான ஆதரவு லினக்ஸின் கருவிலேயே (கெர்னல்) இருக்கிறது.

வீடியோ ஏறி முடிந்ததாகத் திரை சொன்னதும் பென்டிரைவைப் பிடுங்கக் கை நீட்டினான். தடுத்தேன். லினக்ஸ் எழுதவேண்டியதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகே வட்டுக்கு அனுப்பும். இணைப்பை நீக்கும் கட்டளையைக் கொடுத்தோம். பென்டிரைவின் சிறு நீல விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அது அணையும்வரை இருவரும் காத்திருந்தோம்.