வினைமிகு ஆக்சிஜன் வகைகள்: சொல் விளக்கம்

‘ரியாக்டிவ் ஆக்சிஜன் ஸ்பீசீஸ்’ என்பது ஒரு தனிப்பொருளின் பெயரன்று. ஆக்சிஜனிலிருந்து தோன்றி, அதனைக் காட்டிலும் விரைந்து பிற மூலக்கூறுகளோடு வினைபுரியும் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் முதலியவற்றைத் தொகுத்துச் சுட்டும் பொதுப்பெயர் அது. தமிழில் ‘வினைமிகு ஆக்சிஜன் வகைகள்’ எனலாம்.

‘ஸ்பீசீஸ்’ என்பது தோற்றம், வகை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். உயிரியலில் ‘சிற்றினம்’ எனப்படும் அது, வேதியியலில் அணு, அயனி, மூலக்கூறு ஆகிய எதனையும் குறிக்கும். ‘இனங்கள்’ என்று எழுதினால் உயிரினமே நினைவுக்கு வருகிறது. ‘மூலக்கூறுகள்’ என்றாலோ அயனியாகிய சூப்பராக்சைடு பொருந்தாமற் போகிறது. ‘வகை’ அனைத்துக்கும் இடந்தருகிறது. ‘ஆக்சிஜன்’ என்பது, ‘அமிலத்தை ஆக்குவது’ என்ற பொருளில் கிரேக்க வேர்களைக் கொண்டு லவாய்சியே 18ஆம் நூற்றாண்டில் அமைத்த பெயர். எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்ற அவரது கருத்து பின்னர்ப் பொய்த்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ‘உயிர்வளி’ என்ற தமிழாக்கத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இத்தொடரோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது ‘ஃப்ரீ ராடிக்கல்’. தமிழ்நாட்டில் ‘தனி உறுப்பு’ என்றும், இலத்தீன் சொல்லின் ‘வேர்’ என்ற பொருளுக்கு நெருக்கமாக இலங்கையில் ‘சுயாதீன மூலிகம்’ என்றும் வழங்கும் இது, இணைசேரா எலக்ட்ரான் உடையவற்றை மட்டுமே குறிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடில் அத்தகைய எலக்ட்ரான் இல்லை. ஆயினும் அதுவும் வினைமிகு வகையே. செல்லுக்குள் செய்தி கடத்துவதில் முதன்மையானதும் அதுவே.

செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் வெளியேயுள்ள ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களைப் பற்றும்போது, உள்ளே ராக் என்னும் சிறுபுரதம் தூண்டப்பட்டு, சிறிதளவு பெராக்சைடு உண்டாகிறது. அது பாஸ்பட்டேஸ் நொதியின் வினைமையத்திலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தக அணுவை ஆக்சிஜனேற்றம் செய்து, அந்நொதியைத் தற்காலிகமாக முடக்குகிறது. பாஸ்பேட்டை நீக்கும் நொதி ஓய்ந்திருப்பதால், பற்றுமிடத்திலுள்ள கைனேஸ் (பாஸ்பேட்டை ஏற்றும்) நொதியின் மீது ஏறிய பாஸ்பேட்டு நிலைத்து, அதன் செயல்பாடு நீடிக்க, செல் தட்டையாகப் பரவி ஊன்றிக்கொள்கிறது. 2003இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு இவ்வினைத்தொடரை விளக்கியது. பின்னர்ச் செல்லிலேயே உள்ள குளூட்டாத்தயோன் போன்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் கந்தகத்தைப் பழைய நிலைக்கு மீட்க, நொதி மீண்டும் இயங்கும். இவ்வளவும் நடக்கும் நிகழ்ச்சியைச் ‘செல் ஒட்டுதல்’ என்பது வழக்கம். ஒட்டுதல் பசையைத்தான் நினைவூட்டுகிறது. பிடித்தலும் பிடித்ததை உள்ளே அறிவித்தலும் ஒருங்கே நிகழ்வதால், ‘செல் பற்றுகை’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பெராக்சைடு எல்லாப் பிடியையும் இறுக்குவதில்லை. இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் அதற்கு ஆட்படும்போது பி-செலக்டின் புரதத்தை மேற்பரப்பில் நிறுத்துகின்றன. வெள்ளணுக்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. அதே சூழலில், உட்சுவர்ச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கேடெரின் இணைப்புகளோ தளர்கின்றன.

‘நச்சு ஆக்சிஜன்’ என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். மிகும்போது இவை டி.என்.ஏ.வையும் கொழுப்பையும் சிதைப்பது உண்மை. ஆனால் அது அளவைப் பொறுத்த விளைவேயன்றிப் பெயரில் ஏற்றவேண்டிய இயல்பன்று. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் மாத்திரைகளின் விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அளவோடு இருக்கையில் இவை உதவுவதற்கு ஒரு சான்று: வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் வால்துடுப்பில் சிறுகாயம் ஏற்படுத்தி 2009இல் செய்த ஆய்வில், காய விளிம்பில் டுவாக்ஸ் நொதி ஆக்கிய பெராக்சைடு 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தொலைவுவரை படிப்படியாகக் குறைந்து பரவியிருந்தது. அந்நொதியைத் தடுத்தபோது வெள்ளணுக்கள் காயத்துக்கு விரைந்து வந்துசேரவில்லை.