அணியம் நேராக இருந்தும் படகு விலகுவது ஏன்?

மும்பைத் துறைமுகத்தில் சிறு பாய்மரப் படகு ஓட்டப் பழகிவரும் செம்பூர் வாசகர் ஒருவர், துறைமுகத்தின் கிழக்குக் கரையிலுள்ள உரண் பக்கமிருந்து திரும்பும்போது அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, கேட்வே ஆஃப் இந்தியாவை நோக்கியே வைத்திருந்தும் படகு தெற்கே வளைந்து சென்றது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

காரணம் ஓதம். மும்பையில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் 4 மீட்டரைத் தாண்டும். வற்றும் நீர் துறைமுக வாயை நோக்கித் தெற்கே ஓடுகையில் படகையும் இழுத்துச் செல்கிறது. அமாவாசையைக் கெட்ட நாள் என்று ஒதுக்குவதைவிட, அன்றைய நீரோட்டத்தின் வலுவை அறிந்து புறப்படுவதே கடலுக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான கருத்து.

படகின் வேகம் 4 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்), குறுக்கே வரும் நீரோட்டம் 2 நாட் என்றால், அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராக 30 பாகை திருப்பி வைக்க வேண்டும்; அப்போது கரையை நோக்கிய வேகம் ஏறத்தாழ 3.5 நாட் ஆகும். ஆனால் நீரோட்டம் மணிக்கு மணி மாறுவதால், இந்தக் கோணத்தை ஒருமுறை கணக்கிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இங்கேதான் கடலோடிகளின் மிக அழகான உத்தி உதவுகிறது. கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு குறிகளைத் தேர்ந்து, அவை ஒரே கோட்டில் தெரியும்படி படகைச் செலுத்த வேண்டும். படகு வலப்பக்கம் விலகினால் அருகிலுள்ள குறி, தொலைவிலுள்ளதற்கு இடப்பக்கமாக நகர்ந்து தெரியும். உடனே இடப்பக்கம் திரும்ப வேண்டும். முதல் குறி 1 கிலோமீட்டர் தொலைவிலும் அடுத்தது அதற்கு 1 கிலோமீட்டர் பின்னாலும் இருந்தால், 10 மீட்டர் விலகலுக்கே அவற்றுக்கிடையே முழு நிலவின் அகலத்தில் பாதிக்கும் மேலான இடைவெளி தெரிந்துவிடும். அலையில் ஆடும் திசைகாட்டி 5 பாகை தவறினாலோ, அதே 1 கிலோமீட்டர் தொலைவில் கிட்டத்தட்ட 87 மீட்டர் பிசகிவிடும். விலை உயர்ந்த கருவி எதுவுமின்றி, வெறும் கண்ணுக்கு இத்தனை நுட்பம் வாய்ப்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

எல்லாக் குறிகளும் இதற்குப் பொருந்தா. கேட்வேயும் தாஜ் ஹோட்டலின் குவிமாடமும் கண்ணைக் கவர்ந்தாலும், அருகருகே நிற்பதால் தொலைவிலிருந்து வருபவருக்குச் சிறு விலகலைக் காட்ட மாட்டா. இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு கூடக் கூடத்தான் நுட்பமும் கூடும். பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் மீன்பிடிக்கும் குமரிக் கடலோர மீனவர்கள், தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் வெகு தொலைவிலுள்ள மலையுச்சியையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான். வேறொரு திசையில் இன்னொரு இணையும் பொருந்தினால், அந்த இரு கோடுகளும் வெட்டும் இடமே பார் இருக்கும் இடம்.

ஓதம் எப்போது திரும்பும் என்பதை இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணை சொல்லிவிடும். கேட்வேயை ஒட்டிய அப்போலோ பந்தரில் 1878 முதல் கடல்மட்டம் அளக்கப்படுகிறது. இத்தகைய ஆரவாரமற்ற, நீண்டகால அளவீடுகளுக்கு நிதி ஒருபோதும் குறையக் கூடாது.

கரையை விட்டுப் புறப்படும்போதும் பின்னால் திரும்பிப் பார்த்து இதே குறிகளைப் பயன்படுத்தலாம். அருகிலுள்ள குறி நகர்ந்த பக்கமே படகும் போக வேண்டும் என்ற விதி அப்போதும் மாறாது. ஆனால் கரையை நோக்கித் திரும்பியிருப்பவரின் இடப்பக்கம் படகுக்கு வலப்பக்கம் என்பதை மனத்தில் கொண்டே சுக்கானைத் திருப்ப வேண்டும்.